வீடியோ கேம்களின் விலை: செலவா, சுங்கமா?

2025-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி, ஜப்பானிய கம்பெனியான நின்டெண்டோ 'ஸ்விட்ச் 2' என்னும் விளையாட்டுக் கருவியைப் பல நாடுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுடன் 'மரியோ கார்ட் வேர்ல்ட்' என்னும் வீடியோ கேமும் வெளிவந்தது. அமெரிக்காவில் அந்த விளையாட்டைத் தனியாக வாங்கினால் விலை ஒரு சென்ட் குறைய 80 டாலர். கருவியோடு சேர்த்து வாங்கினாலோ, அதற்கென்று கூடுதலாகக் கொடுக்கவேண்டியது 50 டாலர்தான். ஐரோப்பாவில் பெட்டியில் அடைத்த பிரதிக்கு 90 யூரோ. இணையத்தின் வழியே இறக்கிக்கொள்ளும் பிரதிக்கு 80 யூரோ. ஜப்பானில் பெட்டிப் பிரதி 9,980 யென். இணையப் பிரதி 8,980 யென். அதாவது அன்றைய மாற்று விகிதப்படி 60 டாலருக்கும் 70 டாலருக்கும் இடைப்பட்ட தொகை. ஒரே கம்பெனி, ஒரே விளையாட்டு, ஒரே நாள். விலை மட்டும் ஆறு விதம்.

இத்தொழிலில் விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே விடைதான் வழக்கமாகக் கிடைக்கிறது. தயாரிப்புச் செலவு ஏறிவிட்டதாம். ஆகையால் விலையும் ஏறுகிறதாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது முழு உண்மையன்று. செலவுதான் விலையை நிர்ணயிக்கிறதென்றால், ஒரே சரக்கிற்கு ஒரே நாளில் ஆறு விலை ஏற்படக் காரணமில்லை. அதே வருஷம் மே மாதத்தில், தன் புது விளையாட்டுகள் சிலவற்றை 80 டாலருக்கு விற்கப்போவதாக மைக்ரோஸாப்ட் கம்பெனி அறிவித்தது. ஜூலை மாதத்தில் அந்த யோசனையைக் கைவிட்டு 70 டாலருக்கே திரும்பிற்று. இரண்டு மாதத்திற்குள் தயாரிப்புச் செலவு குறைந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவு கொடுக்க ஜனங்கள் இசையமாட்டார்கள் என்பது தெரிந்தது, விலை இறங்கிற்று.

ஆகவே, வீடியோ கேமின் விலையை நிர்ணயிப்பது முதலாவதாக, சந்தையின் வாசலைத் தன் கையில் வைத்திருப்பவனுடைய அதிகாரம்; இரண்டாவதாக, வாங்குவோனுடைய மடியில் எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பீடு. செலவு மூன்றாவதாகத்தான் வருகிறது. இதுவே நமது அபிப்பிராயம்.

பிரசுரகர்த்தர்களின் கட்சியை முதலில் நியாயமாகக் கேட்டுவிடுவோம். 2005-ம் வருஷத்தில் மைக்ரோஸாப்டின் 'எக்ஸ்பாக்ஸ் 360' கருவி வந்தபோது பெரிய விளையாட்டுகளின் விலை 60 டாலராயிற்று. 2020-ம் வருஷத்தில் 70 டாலர் என்ற விலை தலைகாட்டும் வரையில், பதினைந்து வருஷ காலம் அந்த எண் அசையவில்லை. இதற்கிடையில் டாலரின் வாங்கும் சக்தி குறைந்துகொண்டே வந்தது. 2005-ம் வருஷத்து 60 டாலருக்கு 2025-ம் வருஷத்தில் சுமார் 100 டாலர் ஈடாகும். எனவே உண்மை மதிப்பில் விலை குறைந்திருக்கிறது என்று அவர்கள் சொல்வது சரியே. செலவு ஏறியதும் பொய்யன்று. அமெரிக்க வர்த்தகக் கமிஷன் மைக்ரோஸாப்டின் மீது தொடுத்த வழக்கில், 2023-ம் வருஷத்தில் ஸோனி கம்பெனியின் கணக்குகள் சில வெளிப்பட்டன. 'தி லாஸ்ட் ஆப் அஸ்' இரண்டாம் பாகத்திற்கு 22 கோடி டாலரும், 'ஹொரைசன் பார்பிடன் வெஸ்ட்' என்னும் விளையாட்டிற்கு 21 கோடியே 20 லட்சம் டாலரும் செலவாயின என்பது அவற்றால் தெரியவந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் உழைத்த உழைப்பு அது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். நெல் விற்கிறவன் அடுத்த மூட்டைக்கும் உழவேண்டும், விதைக்கவேண்டும், அறுக்கவேண்டும். வீடியோ கேம் அப்படியன்று. முதற் பிரதிக்கு 22 கோடி டாலர் செலவென்றால், இரண்டாம் பிரதிக்கு ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. 22 கோடி டாலரை 60-ஆல் வகுத்தால் 37 லட்சம் பிரதிகள். அந்த விளையாட்டு 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வெளிவந்த முதல் மூன்று நாட்களிலேயே 40 லட்சம் பிரதிகள் விற்றது. 2022-ம் வருஷத்திற்குள் ஒரு கோடியைத் தாண்டிற்று. கடைக்காரன் பங்கும் விளம்பரச் செலவும் இதில் சேரவில்லை என்பது மெய்தான். ஆயினும் செலவு ஏறிய அளவுக்கு வாங்குவோர் தொகையும் ஏறியிருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ' ஐந்தாம் பாகம் 20 கோடிப் பிரதிகளுக்கு மேலும், 'மைன்கிராப்ட்' 30 கோடிப் பிரதிகளுக்கு மேலும் விற்றிருக்கின்றன.

செலவு விலையைக் கொண்டுவராது என்பதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஸோனி கம்பெனி பல வருஷம் உழைத்துத் தயாரித்த 'கான்கார்ட்' என்னும் விளையாட்டு 2024-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி 40 டாலருக்கு வெளிவந்தது. வாங்க ஆளில்லை. செப்டம்பர் 6-ந் தேதி அதை மூடிவிட்டு, வாங்கிய சிலருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு ஆன செலவை உத்தேசித்து எவரும் 40 டாலர் கொடுக்க முன்வரவில்லை. வாங்குவோர் செலவை ஒருபோதும் பார்ப்பதில்லை. விற்போரும், தங்களுக்கு அனுகூலமாயிருக்கும்போது மாத்திரமே அதைப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் வாசல் என்பது என்ன? அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1980-ம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் அமெரிக்காவில் 'அடாரி' கருவி வீடுதோறும் பரவியிருந்தது. அதற்கு விளையாட்டுச் செய்ய எவரும் அனுமதி பெறவேண்டியதில்லை. மட்டமான சரக்குகள் வந்து குவிந்தன. 30 டாலருக்கு விற்றவை 5 டாலருக்கு வந்தன. 1983-ம் வருஷத்தில் சுமார் 320 கோடி டாலராயிருந்த இவ்வியாபாரம் 1985-ல் 10 கோடி டாலராகச் சுருங்கிற்று. விற்காத விளையாட்டுகளை நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஆலமகோர்டோ என்னும் ஊரில் குழிதோண்டிப் புதைத்தார்கள்.

இதைக் கண்ட நின்டெண்டோ கம்பெனி 1985-ல் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது கருவிக்குள்ளேயே ஒரு பூட்டைப் பொருத்திற்று. அதற்கு இணையான சில்லு இல்லாத விளையாட்டு அக்கருவியில் ஓடாது. அந்தச் சில்லோ நின்டெண்டோவிடம் மாத்திரமே உண்டு. பிரசுரகர்த்தர் ஒருவர் வருஷத்திற்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. கார்ட்ரிட்ஜுகளை நின்டெண்டோ மூலமே தயாரித்துக்கொள்ள வேண்டும். பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்பன நிபந்தனைகள். குப்பை குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குப்பையைத் தடுக்கக் கட்டிய மதில் சுங்கச் சாவடியாகவும் ஆயிற்று. விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் வாசற்காவலனுக்கு ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. கருவியை 100 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாதென்று கடைக்காரர்களை நிர்ப்பந்தித்ததாக நின்டெண்டோவின் மீது அமெரிக்க வர்த்தகக் கமிஷனும் மாகாண சர்க்கார்களும் குற்றஞ்சாட்டின. 1991-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வழக்கு ராஜியாக முடிந்தது. கருவி வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன் கொடுக்கக் கம்பெனி இசைந்தது. அந்தக் கூப்பனைக் கொண்டு வாங்கக்கூடியது நின்டெண்டோவின் சரக்கைத்தான்! பரிகாரமே அடுத்த வியாபாரத்திற்கு விளம்பரமாக முடிந்தது.

வாசல் இரண்டானால் விலை என்னவாகும் என்பதையும் சரித்திரம் காட்டியிருக்கிறது. 1994-ம் வருஷம் டிசம்பரில் ஸோனி கம்பெனி 'பிளேஸ்டேஷன்' கருவியை ஜப்பானில் வெளியிட்டது. கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாகக் குறுந்தகடு. அதை அச்சிடச் செலவு மிகவும் சொற்பம். பிரசுரகர்த்தர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நின்டெண்டோவுக்கே அதுவரை விளையாட்டுகள் செய்துவந்த ஸ்கொயர் கம்பெனி தன் 'பைனல் பேண்டஸி' ஏழாம் பாகத்தை 1997-ல் பிளேஸ்டேஷனில் கொண்டுவந்தது. நின்டெண்டோவின் கார்ட்ரிட்ஜுகள் 60, 70 டாலர் விற்ற காலத்தில், தகட்டு விளையாட்டுகள் 40, 50 டாலருக்குக் கிடைத்தன. மலிவான சாதனம் ஒரு காரணம். போட்டி மற்றொரு காரணம். இரண்டும் சேர்ந்தபோதுதான் மலிவு வாங்குவோன் கைக்கு வந்தது.

கருவியை நஷ்டத்திற்கு விற்று, அந்த நஷ்டத்தை விளையாட்டுகளின் சுங்கத்தில் ஈடுசெய்துகொள்ளும் தந்திரமும் இத்தொழிலில் உண்டு. 2006-ல் வெளிவந்த 'பிளேஸ்டேஷன் 3' கருவி 500, 600 டாலருக்கு விற்றது. அப்படியும் அது தயாரிப்புச் செலவுக்குக் குறைவான விலையாகவே இருந்தது. ஆகவே நாம் விளையாட்டிற்கென்று கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கருவியின் பாக்கி. மலிவாக வந்தது கருவியன்று. அதன் விலையில் ஒரு பங்கு தவணைக்குத் தள்ளப்பட்டது, அவ்வளவுதான்.

இப்போது தகடும் மறைந்துகொண்டு வருகிறது. பெட்டியில்லை, வண்டிச் சத்தமில்லை, கடை வாடகையில்லை. ஆயினும் அமெரிக்காவில் மரியோ கார்ட் வேர்ல்டின் பெட்டிப் பிரதிக்கும் இணையப் பிரதிக்கும் ஒரே விலைதான் வைத்தார்கள். மிச்சமான செலவு எங்கே போயிற்று? வாசற்காவலனிடம் போயிற்று. கணினி விளையாட்டுகளுக்கு வால்வ் கம்பெனி 2003-ம் வருஷத்தில் 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையைத் திறந்தது. விற்பனையில் நூற்றுக்கு 30 அதன் பங்கு என்பது வழக்கமாயிற்று. ஆப்பிள் கம்பெனியின் கைபேசிக் கடையிலும் அதே 30. 70 டாலர் விளையாட்டில் 21 டாலர் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இந்தப் பங்கும் செலவை ஒட்டியதன்று. 2018-ம் வருஷத்தில் வால்வ் கம்பெனி ஒரு சலுகை அறிவித்தது. ஒரு விளையாட்டின் விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்டதில் நூற்றுக்கு 25-ம், ஐந்து கோடியைத் தாண்டினால் நூற்றுக்கு 20-ம் கொடுத்தால் போதும். அதாவது பெரிய வியாபாரிக்குச் சுங்கம் குறைவு. சிறிய வியாபாரிக்கு முழுச் சுங்கம். ஆப்பிளோ 2021 ஜனவரி முதல், வருஷத்திற்குப் பத்து லட்சம் டாலருக்கு உட்பட்டுச் சம்பாதிப்பவர்களுக்கு 15 ஆகக் குறைத்தது. ஒரு காவலன் பெரியவனுக்குச் சலுகை கொடுக்கிறான். மற்றொரு காவலன் சிறியவனுக்குக் கொடுக்கிறான். வேலை ஒன்றாயிருக்க, கூலி இப்படித் தலைகீழாக மாறுவதேன்? இவன் பெரியவன் ஓடிவிடுவானோ என்று அஞ்சுகிறான். அவன் சட்டம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறான். இதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

சுங்கம் யார் தலையில் விழுகிறது என்பதை எபிக் கம்பெனி 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெட்டவெளிச்சமாக்கிற்று. 'போர்ட்நைட்' விளையாட்டிற்குள் செலவழிக்கும் நாணயம் ஆயிரத்திற்கு, ஆப்பிள் வழியாகக் கொடுத்தால் 10 டாலர், நேராகக் கொடுத்தால் 8 டாலர் என்று இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. அன்றைக்கே ஆப்பிள் அந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்து நீக்கிவிட்டது. வேறு வழியிலும் பணம் செலுத்தலாம் என்று ஜனங்களுக்குத் தெரிவிப்பதை ஆப்பிள் தடுக்கக் கூடாதென்று 2021-ல் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த உத்தரவை மீறியதாக 2025-ம் வருஷம் ஏப்ரலில் அதே கோர்ட்டு அக்கம்பெனியைக் கண்டித்தது. எபிக் ஏழைகளின் தோழன் என்று நாம் சொல்லவரவில்லை. விரும்பாத பொருள்களை ஜனங்கள் தவறிப்போய் வாங்கும்படி பொத்தான்களை அமைத்தது, குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்தது என்ற குற்றச்சாட்டுகளின் மீது, 2022 டிசம்பரில் அதே எபிக் 52 கோடி டாலர் கொடுக்க இசைந்தது. 'இலவசம்' என்று அழைத்து உள்ளே விட்டபின், டாலரைக் காட்டாமல் விளையாட்டு நாணயத்தைக் காட்டி மடியை அவிழ்க்கச் செய்வதும் ஒரு விலையே. அதிர்ஷ்டப் பெட்டிகளைக் காசுக்கு விற்பது சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-ல் தீர்மானித்தது வீணுக்கன்று.

இனி மடியின் மதிப்பீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. விளையாட்டு வெளிவந்த அன்றே வேண்டுமென்பவன் 70 டாலர் கொடுக்கிறான். ஒரு வருஷம் காத்திருப்பவன் பாதி விலைக்கு வாங்குகிறான். மூன்று வருஷம் காத்திருப்பவனுக்கு இன்னும் குறைகிறது. அவசரத்திற்கு ஒரு விலை, பொறுமைக்கு ஒரு விலை. தேசத்திற்குத் தேசமும் விலை வேறுபடுகிறது. ஏழை நாட்டானுக்குக் குறைந்த விலை என்பது நல்ல காரியமே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அது உரிமையன்று, கம்பெனியின் தயவு. துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் உள்நாட்டு நாணயத்தில் விற்றுவந்த ஸ்டீம் கடை, 2023 நவம்பரில் டாலர் கணக்குக்கு மாறிற்று. அங்கே பல விளையாட்டுகளின் விலை பன்மடங்கு ஏறிவிட்டது. கிழக்கு ஐரோப்பாவில் விற்ற பிரதிகள் ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் இயங்காதபடி பூட்டிவைத்ததற்காக, வால்வுக்கும் ஐந்து பிரசுரகர்த்தர்களுக்கும் ஐரோப்பியக் கமிஷன் 2021 ஜனவரியில் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

இவ்வளவும் கொடுத்து வாங்குவோன் பெறுவது என்ன? யுபிஸாப்ட் கம்பெனி 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்னும் விளையாட்டு 2024 மார்ச் 31-ந் தேதி நிறுத்தப்பட்டது. அது கம்பெனியின் சர்வர் இல்லாமல் ஓடாது. காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில் தகடு இருக்கிறது, விளையாட்டு இல்லை. அவன் பெற்றது பொருளன்று, திரும்பப் பெறக்கூடிய அனுமதி மட்டுமே என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று. கலிபோர்னியா மாகாணத்தில் 2024-ல் நிறைவேறி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டப்படி, அனுமதியை மட்டும் விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்' என்ற கோரிக்கையுடன் ஐரோப்பாவில் எழுந்த இயக்கத்தின் மனுவில், 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் கையொப்பமிட்டார்கள். இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய சச்சரவென்று ஒதுக்குவோர், நாளைக்குப் புத்தகமும் சங்கீதமும் இதே நிபந்தனையின் பேரில்தான் விற்கப்படும் என்பதை மறக்கிறார்கள்.

வாசற்காவலர்களுக்கும் ஒரு சமாதானம் உண்டு. கடை நடத்துகிறோம், பணம் வசூலிக்கிறோம், மோசடியைத் தடுக்கிறோம், கூலி வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். செய்த வேலைக்குக் கூலியை எவரும் மறுக்கவில்லை. வேறு வழியே இல்லாதபடி அடைத்துவிட்டுக் கேட்பதைத்தான் கூலி என்று ஒப்புக்கொள்ள முடியாது. எரிக் பரோன் என்னும் ஒருவர் நாலரை வருஷம் தனியே உழைத்து 'ஸ்டார்டியூ வேலி' என்ற விளையாட்டை 2016-ல் 15 டாலருக்கு வெளியிட்டார். பிறகு அதில் சேர்த்த பகுதிகளுக்குத் தனிக் காசு கேட்கவில்லை. 2024 முடிவதற்குள் நாலு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. நியாய விலைக்கு நல்ல சரக்கு விற்று வாழலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் அவரைப்போல் உழைத்தும் சில ஆயிரம் பிரதிகளே விற்கிறவர்கள் எத்தனையோ பேர். முழுச் சுங்கம் கட்டுகிறவர்கள் அவர்களே.

ஆகவே, சட்டம் செய்வோரிடம் நாம் வேண்டுவது மூன்று. முதலாவது, விற்றதை விற்றதாகவே கருதவேண்டும். சர்வரை நிறுத்துவதானால், வாங்கியவன் தொடர்ந்து விளையாடும்படி விட்டுச்செல்ல வேண்டும், அல்லது எது வரையில் இயங்கும் என்பதை விற்கும்போதே எழுதித் தரவேண்டும். இரண்டாவது, கருவியை விலை கொடுத்து வாங்கியவனுக்கு எந்தக் கடையிலும் விளையாட்டு வாங்க உரிமை வேண்டும். கைபேசி விஷயத்தில் ஐரோப்பிய டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் ஆப்பிளை இதற்கு உட்படுத்தியிருக்கிறது. வாசற்காவலன் என்ற சொல்லையே அச்சட்டம் கையாளுகிறது. ஆனால் விளையாட்டுக் கருவிகளை அது இன்னும் தொடவில்லை. மூன்றாவது, விளையாட்டிற்குள் விற்கும் ஒவ்வொன்றின் விலையையும் உண்மை நாணயத்தில் காட்டவேண்டும்.

70 டாலரா, 80 டாலரா என்று மட்டும் சண்டையிடுவதில் பயன் குறைவு. இந்த வருஷம் ஜனங்கள் முகம் சுளித்தால் கம்பெனி பத்து டாலரை இறக்கும். அடுத்த வருஷம் வேறு பெயரில் ஏற்றும். வாசல் ஒருவன் கையில் இருக்கும் வரையில் விலையும் அவன் கையில்தான் இருக்கும்.